ஒரு ரூபாய் எழுபத்தெட்டு காசு கார்

பி.காம். முதலாண்டு மாணவர் எவரைக் கேட்டாலும் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு ஒன்று. ஒரு கார் 1967-ல் 16,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம். குறைந்துசெல் இருப்பு முறை. 56 ஆண்டுகள் கழித்து, அதாவது 2023-ல், அந்தக் காரின் ஏட்டு மதிப்பு என்ன?

விடை: 1 ரூபாய் 78 காசு!

ஒரு டீ கூட வராது. ஆனால் இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. நேர்கோட்டு முறையில் ஒரு நாள் மதிப்பு பூஜ்யமாகி, கணக்கு முடிந்துவிடும். குறைந்துசெல் இருப்பு முறையில் அது முடியவே முடியாது. மிச்சத்தில்தான் 15 விழுக்காடு கழிகிறது என்பதால், எத்தனை ஆண்டு ஆனாலும் ஏதோ ஒன்று மிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்படி மிஞ்சிய ஒரு காரைப் பற்றியதுதான் இது.

கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரியவர். தூத்துக்குடியில் உப்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது 1967-ஆம் வருடத்து ஃபியட் 1100 டிலைட். 1989-ல் தன் முதலாளியிடமிருந்தே இரண்டாம் கையாக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் வண்டிக் கணக்கு எழுதி வருகிறார். பெட்ரோல், ஆயில், பஞ்சர், பல்பு எதுவும் விட்டுப்போகாது. கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா?

ஊரில் எல்லோருக்கும் அது "பழைய பியட்டு", அவ்வளவுதான். அது ஒரு இத்தாலியக் கார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு எப்பேர்ப்பட்ட சொந்தபந்தம் உண்டு என்பது மீதிப் பேருக்கும் தெரியாது!

ஃபெராரிக்குச் சொந்தம்

ஃபியட் கம்பெனி 1930-களில் 508 சி என்று ஒரு கார் செய்தது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர். 1100 என்ற பெயர் இந்த வம்சத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். என்ஸோ ஃபெராரி 1940-ல் தன் சொந்தப் பட்டறையில் முதன்முதலாக ஒரு பந்தயக் கார் செய்தபோது கையில் எடுத்தது இந்த 508 சி-யின் சட்டத்தையும் பாகங்களையும்தான். எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு ஃபியட்டின் நான்கு சிலிண்டர் தலைகள் இரண்டை வரிசையாக வைத்தார். பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி அப்போது அவர் காருக்குத் தன் பெயரைக்கூட வைக்க முடியாது. ஆட்டோ ஏவியோ 815 என்றுதான் அழைத்தார்கள். இரண்டே இரண்டு வண்டிகள். இரண்டும் அந்த வருடப் பந்தயத்தை முடிக்கவில்லை என்பது வேறு கதை.

போருக்குப் பிறகு சிசிடாலியா 202 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. உடம்பு பினின்ஃபரினாவின் கைவண்ணம், உள்ளே இருந்தது ஃபியட் 1100 இன்ஜினின் தம்பி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-ல் நடத்திய கார் கண்காட்சியில் அதற்கு இடம் கிடைத்தது.

ஆக, கொற்கைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகைக்குள் நிற்கும் அந்தக் கார் ஃபெராரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். சச்சினுக்கு 2002-ல் பரிசாக வந்த ஃபெராரிக்கு ஒரு கோடிக்கும் மேல் சுங்கவரி என்று நாடே விவாதித்தது. வரி தள்ளுபடி நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட்டே அந்த வரியைக் கட்டியது. ஏழைச் சொந்தமான 1100-க்கு அந்தச் சிக்கல் இல்லை. அது வேறு வழியாக நாட்டுக்குள் வந்தது.

1953-ல் இந்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யத் தயாராக இருப்பவர்களே தொழில் நடத்தலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், ஃபியட்டோடு கைகோத்து பம்பாய் குர்லாவில் தொழிலைத் தொடர்ந்தது. 1964-ல் வந்தது 1100 டிலைட். இத்தாலியில் அந்த மாடலுக்கு 1221 சி.சி. இன்ஜின் போட்டார்கள். இங்கே பழைய 1089 சி.சி.யே தொடர்ந்தது. அதே கார்தான் 1970-களில் பெயர் மாறி பிரீமியர் பத்மினி ஆனது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் கடைசிப் பத்மினி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில்.

அதற்கு ஏழு வாரம் கழித்து, தாமிரபரணிக் கரையில் இந்தக் காருக்கு வந்தது சோதனை.

சாவியைத் தொடாதே

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாத தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் சுற்றுவட்டாரம் தீவாகிப் போனது. பெரியவரும் அவர் மனைவியும் பக்கத்து மாடி வீட்டில் இரண்டு இரவு இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. கொட்டகை சரிந்து கிடந்தது. காருக்குள் ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணீர் ஏறி இறங்கிய கோடு தெரிந்தது.

பரண்மேல் இருந்ததால் நோட்டு மட்டும் நனையவில்லை.

செல்போனில் சிக்னல் வந்ததும் அவர் கூப்பிட்டது இரண்டு பேரை. முதலில் சென்னையில் இருக்கும் மகனை. அடுத்து திரேஸ்புரத்து மெக்கானிக் ஒருவரை. அவர் விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர், உப்பளத்து பம்ப்செட்டும் பார்ப்பார். கம்பெனி நாளிலிருந்து பழக்கம்.

"அண்ணாச்சி, சாவியத் தொட்டுராதீய. ஓடுதான்னு பாக்க ஒரு இழு இழுத்தீயன்னா இன்ஜின் போச்சு. நான் வாரேன்."

ஏன் அப்படிச் சொன்னார்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும். போக வழியில்லை. கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் பல சாவது வெள்ளத்தால் அல்ல, மறுநாள் ஆசையாகச் சாவி போடுவதால்!

ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிளில் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மெக்கானிக் வந்து சேர்ந்தார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஃபேன் பெல்ட்டைப் பிடித்துக் கையாலேயே மெல்லச் சுற்றினார். பிளக் ஓட்டை வழியாக டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. ஆயிலை வடித்தார், அது பால் கலந்த காபி போல வந்தது. டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடி வடித்து, சிலிண்டருக்குள் புது ஆயில் விட்டுச் சுற்றினார். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டிலும் அதே வேலை. டயனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டையும் கழற்றிச் சாக்கில் போட்டார். நான்கு சக்கர டிரம்மையும் திறந்தார். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் உள்ளது, எனவே ஒரு சொட்டு விடாமல் மாற்ற வேண்டும் என்றார்.

"கடல்ல முங்கின இன்ஜினையே எடுத்து ஓட்டுதோம். இது ஆத்துத் தண்ணிதான். ஆனா நாளு கடத்தக் கூடாது அண்ணாச்சி. துரு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

இன்ஜினை முழுசாகப் பிரித்துச் சரி செய்ய உடனே 14,300 ரூபாய் வேண்டும்.

மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு

வீட்டின் பின்பக்கச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அரிசி, மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிருந்தன. அரசு கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய். காருக்கு இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். அது அடுத்தவருக்கு நேரும் இழப்புக்குத்தான், சொந்த வண்டி மூழ்கினால் ஒரு பைசா வராது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் 28,000 தருவதாகச் சொன்னார்.

மகன் போனில் சொன்னது: "எடைக்குப் போட்டுருங்கப்பா. அந்தப் பணத்துல சுவரைக் கட்டுங்க. அதுல சீட் பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது. எழுபது வயசுல அதை ஓட்டிக்கிட்டுப் போறீங்கன்னு நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மோதினால் மடங்காத ஸ்டீயரிங் தண்டு. அந்தக் காலத்துக் கார் அந்தக் காலத்து வேகத்துக்குச் செய்யப்பட்டது. பெரியவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "ஏங்க, சுவரு ஒரு மாசம் பொறுக்கும். அது பொறுக்காதுன்னு அந்தத் தம்பி சொல்லுதாரே. இன்ஜினை மட்டும் இப்பப் பாருங்க. மத்தது பொறவு."

1991-ல் ஒரு நள்ளிரவில், பிரசவ வலியோடு அவரைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தக் காரின் பின்சீட்டுதான். அன்று பிறந்தவன்தான் எடைக்குப் போடச் சொன்ன மகன். அதை அந்த அம்மா சொல்லிக் காட்டவில்லை. எது அவசரம், எது காத்திருக்கும் என்று மட்டும் பிரித்துச் சொன்னார். நிதி மேலாண்மைப் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம் இதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது!

சுவர் 2024 பிப்ரவரியில் எழும்பியது. காரின் உடம்புக்கு அடுத்த ஒன்றரை வருடம் ஆனது.

சீரமைப்பு வேறு, சர்வீஸ் வேறு

கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. ஒன்று சொத்தையே உருவாக்குவது. மற்றது சொத்தை ஓடவைப்பது. பழைய காரிலும் அப்படித்தான். சீரமைப்பது ஒரு முறை, சர்வீஸ் செய்வது ஆயுள் முழுக்க.

சீரமைப்பில் பெரிய வேலை டிங்கரிங்தான். இந்த மாடலுக்கு லாரிபோலத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். எனவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, காரின் முதுகெலும்புப் பிரச்சினை. உப்புக் காற்று வருடக்கணக்காகத் தின்றதை வெள்ளம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. டிங்கர் சுத்தியலால் தட்டியதும் தகடு அப்பளமாக உதிர்ந்தது. பட்டி பூசி மறைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழுகிய தகடு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்தார்கள். ஒரு பக்கம் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடம்பு தொய்ந்து கதவு பொருந்தாமல் போய்விடும்.

பாகங்கள்? இங்கேதான் பத்மினி கைகொடுத்தது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டாலும், இரண்டுக்கும் பல பாகங்கள் பொது. பிரேக் சிலிண்டரும் ரப்பர் பீடிங்கும் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. கிடைக்காத புஷ்ஷை, படகு வேலை செய்யும் லேத்துப் பட்டறையில் கடைந்தார்கள்.

புதிய காலத்துப் பிரச்சினை ஒன்றும் வந்தது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். 1967-ன் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்துக்கு இது தெரியாது. எனவே டேங்கைக் கழுவி, குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினார்கள். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோல் தேங்கவிடுவதில்லை என்று முடிவாயிற்று.

நோட்டில் உள்ளபடி செலவு இது:

இன்ஜின், கியர் பாக்ஸ், டயனமோ, ஸ்டார்ட்டர் – 14,300
பிரேக் – 11,800
வயரிங் – 9,500
டிங்கரிங் – 62,000
பெயிண்ட் – 48,000
சீட், தரைவிரிப்பு – 17,400
டேங்க், குழாய், பம்ப், கார்பரேட்டர் – 8,600
பதிவு புதுப்பித்தல் – 5,000
ஆக மொத்தம் – 1,76,600 ரூபாய்.

ஏட்டு மதிப்பு 1 ரூபாய் 78 காசு உள்ள சொத்துக்கு!

காட்சிக்கா, சாலைக்கா?

பதிவு விஷயத்தில் மகன் ஒரு யோசனை சொன்னான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

பாதுகாப்பும் ஆச்சு, கௌரவமும் ஆச்சு என்றான் மகன். பெரியவர் இரண்டு நாள் யோசித்தார். "கண்காட்சிக்கு வைக்கவா இவ்வளவும் செஞ்சோம்? ஏரல் சந்தைக்குப் போகாத வண்டி எனக்கு எதுக்கு?"

சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது என்று முடிவு. ஆர்.டி.ஓ. அலுவலகச் சோதனையில் முதல் முறை தேறவில்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. தப்பு இவர்கள் பக்கம்தான், கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டவில்லை. அடுத்த வாரம் தேறியது. அது 2025 ஜூலை. அப்போது கட்டணம் 5,000. ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. ஐயாயிரம் மிச்சம் என்று நோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது!

மகனுக்கும் ஒரு வாக்குறுதி கொடுத்தார். நான்குவழிச் சாலையில் ஏற மாட்டேன், நாற்பதைத் தாண்ட மாட்டேன், இருட்டினபின் எடுக்க மாட்டேன். மகன் தன் பங்குக்கு முன்சீட்டுகளுக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தான். யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை. அதனால்தான் ஒப்பந்தம் நிற்கிறது.

யவனர் வந்த வழி

2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்துவைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன் என்றார்கள். அதே வாரத்தில் பெரியவர் தன் காரை முதல் முறையாக கொற்கை வரை ஓட்டிப்போனார்.

கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அமைதியான கிராமம். பழைய வன்னிமரம், குளம், வயல். ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். இங்கே விளைந்த முத்துக்காக யவனர்கள் வந்தார்கள். இந்தியா ஆண்டுதோறும் ரோமின் 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை விழுங்குகிறது என்று பிளினி என்ற ரோமானியர் அங்கலாய்த்தார். கிழக்கிலிருந்து போகும் சரக்குக்கு ரோமானியர்கள் 25 விழுக்காடு சுங்கம் போட்டார்கள். இறக்குமதி வரியும் வர்த்தகப் பற்றாக்குறையும் நேற்று வந்தவை அல்ல!

பிறகு ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் பின்வாங்கியது. துறைமுகம் இடம் மாறியது. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. கொற்கையைத் தூர்த்த அதே ஆறுதான் 2023-ல் காரையும் மூழ்கடித்தது. துறைமுகத்தைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. ஒரு காரைக் கொண்டுவர மூன்று நான்கு பேரால் முடிந்தது.

1 ரூபாய் 78 காசு என்ற விடை தப்பா? தப்பில்லை. தேய்மானக் கணக்கு ஒரு செலவைப் பல வருடத்துக்குப் பங்கு போடும் வழி. பொருளின் விலை என்ன என்று அது சொல்வதே இல்லை. சந்தை மதிப்பு கேட்டால் இரும்புக்கடைக்காரர் 28,000 என்பார். சேற்றை வழித்துக்கொண்டே அந்த அம்மா சொன்ன மதிப்பு மூன்றாவது. அதை எந்தப் பேரேட்டில் ஏற்றுவது என்று பாடத்தில் இல்லை.

இனி மிச்சமிருப்பது சர்வீஸ் மட்டும். முன்சக்கர மூட்டுகளுக்கு கிரீஸ், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி சரிபார்ப்பு, ஆயில் மட்டம், ரேடியேட்டர் தண்ணீர். உப்புக் காற்றுக்கு எதிராக மாதம் ஒரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்தல். ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆனால் ஒரு மாதம் விட்டாலும் துருவுக்குக் கொண்டாட்டம்.

கொற்கை போய்வந்த அன்று நோட்டில் எழுதியிருப்பது இரண்டே வரி:

கிரீஸ் – 120 ரூபாய்.
ஓடியது – 14 கி.மீ. குறை ஒன்றும் இல்லை.